சுவருக்கு அந்தப் பக்கத்து மாப்பிள்ளைக்கு

என் அருமை மாதையா,

மாப்பிள்ளை என்கிற பட்டத்தை இன்றைக்கு மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு, பழையபடி ‘நீ’ என்றே எழுதுகிறேன். சாமியையும் போய்ச் சேர்ந்தவர்களையும் நீ என்று கூப்பிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். என் அப்பா இருந்திருந்தால் இதற்கும் முறைத்திருப்பார். அவரும் இப்போது உன் பக்கத்தில்தானே இருக்கிறார், நீயே சமாளித்துக்கொள்.

நாளைக்கு உன் தலைத்திவசம். காலையில் வீட்டில் படையல். மத்தியானம் மில்லில் எல்லோரும் கூடும்போது இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. புதிதாகச் சேர்ந்த பெண்கள் பலருக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுவேன். நீ கொட்டாவி விடாமல் கேள்.

முதலில் நல்ல சேதி. ஆவியைத் தானாகவே கூட்டிக் குறைக்கிற கருவி ஒன்று நம் பட்டு மில்லுக்கு வந்துவிட்டது. சேலத்தில் ரயிலிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றினார்கள். தொப்பூர் மேட்டில் லாரி மூச்சு வாங்கி நின்றுவிட, நாங்கள் நாலு பேர் போய்த் தள்ளிக்கொண்டு வந்தோம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருந்தது ஒரு செம்புக் குமிழ், எலிவால் கனத்தில் நீளக் குழாய், அதன் முனையில் ஒரு வால்வு, அவ்வளவுதான். இதற்கா இத்தனை வைக்கோல் திணித்தார்கள் என்று, தொட்டியில் கூடு கொட்டும் லட்சுமம்மா கேட்டாள்.

உன் மகள் செல்லம்மா நன்றாக இருக்கிறாள். எந்தக் குழாயைப் பார்த்தாலும் திருகிப் பார்க்காமல் தாண்டமாட்டாள். போன வாரம் கோயில் தொட்டியைத் திறந்துவிட்டு பூசாரியின் செருப்பை மிதக்க விட்டாள். யார் பிள்ளை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது காவேரியைப் பற்றி. உன் மனைவி, என் தங்கை. அந்தப் புதுக் கருவி இருக்கிற தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை தனக்கு வேண்டும் என்று அவள் முதலாளியிடம் கேட்டுவிட்டாள். முதலாளி, உன் அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று சொல்லிவிட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் கெடு வைத்தார். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் என்ன பாடுபட்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு நம்முடைய பழைய கூத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுசாக வந்தவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டுக்கூட்டை வெந்நீரில் அவித்தால்தான் அதில் இருக்கிற பசை இளகி, நூல் நுனி கைக்கு வரும். தண்ணீர் அதிகம் கொதித்தால் பசை முழுக்கக் கரைந்து நூல் பஞ்சு பஞ்சாகத் திரளும். ஆறிவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பெரிய தொட்டியில் தொங்கும் தெர்மாமீட்டரில் முதலாளி ஓர் இடத்தில் சிவப்புப் பட்டு நூலைக் கட்டி வைத்திருக்கிறார். பாதரசம் அந்த நூலில் நிற்கவேண்டும். மில்லில் இருக்கிற அத்தனை பேரின் சோறும் அந்த ஒரு நூலில்தான் இருக்கிறது.

தொட்டி சுவருக்கு இந்தப் பக்கம். பாய்லரும் ஆவி வால்வும் சுவருக்கு அந்தப் பக்கம். நடுவில் ஓர் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஜன்னல். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. சூட்டைப் பார்ப்பது என் கண். ஆவியைத் திருப்புவது உன் கை. கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது என் வாய். “டேய் மாதையா, கொறடா” என்று ஒரு சத்தம் போட்டால் ஆவி குறையும். “இன்னும் கொஞ்சம் உடுடா” என்றால் கூடும். சண்டைக் காலத்தில், ஆகாயத்திலிருந்து குதிக்கிற சிப்பாய்களுக்குக் குடை தைக்க நம் பட்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு சிட்டம் நூல் கூடத் திரும்பி வந்ததில்லை.

பிறகு நீ என் தங்கையைக் கட்டிக்கொண்டாய்.

தீர்த்தமலையில் தாலி கட்டிவிட்டுப் படியிறங்கும்போதே அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னையிலேருந்து அவரு மாப்பிள்ள. பேரு சொல்றது, வாடா போடாங்கறது எல்லாத்தையும் இங்கயே வுட்டுட்டு வூட்டுக்கு வா” என்றார். உனக்குத் தெரியுமே, அப்பா ஒன்று சொன்னால் அது சொன்னதுதான். அன்றிலிருந்து நான் உன்னை ‘வாங்க மாப்ள, போங்க மாப்ள’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். சேர்ந்து மாங்காய் திருடிய பயலை ‘வாங்க’ என்று கூப்பிட நாக்கு எப்படிப் புரண்டது என்று எனக்கே தெரியவில்லை. நீயும் பதிலுக்கு ‘சொல்லுங்க மச்சான்’ என்று கைகட்டி நின்றாயே, அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

மில்லில்தான் வினை வந்தது. இத்தனை பெண்கள் நடுவில் நின்றுகொண்டு வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து ‘குறை’ என்று எப்படி ஏவுவது? அதனால் ஜன்னலில் தலையை நீட்டி, “மாப்ள, கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்பேன். எதைப் பார்ப்பது? கூட்டவா குறைக்கவா? நீ மரியாதையாக “சரிங்க மச்சான்” என்பாய். இரண்டு பேருக்கும் மரியாதை குறையவில்லை, சூடு மட்டும் குறையவே இல்லை. கடைசியில் உன்னைத் தொந்தரவு செய்வானேன் என்று, நான் என் பக்கத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாயைச் சத்தமில்லாமல் கொஞ்சம் திறந்து சூட்டைத் தணித்துக்கொண்டேன்.

நீயோ அதற்கு மேல். என்னிடம் கேட்டால் நான் வேலையைக் கவனிக்கவில்லை என்று குத்திக் காட்டுவதுபோல ஆகிவிடுமாம். அதனால் நான் கூடு எடை போடப் போன நேரம் பார்த்து இந்தப் பக்கம் வருவாய். தெர்மாமீட்டரைப் பார்ப்பாய். நான் திறந்துவிட்ட தண்ணீரால் பாதரசம் இறங்கியிருக்கும். ஓடிப்போய் ஆவியை நன்றாகத் திறந்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொள்வாய். நான் திரும்பி வருவேன். தொட்டி தளதளவென்று கொதிக்கும். மாப்பிள்ளை கொஞ்சம் அசந்துவிட்டார், போகட்டும் என்று தண்ணீரை இன்னும் திறப்பேன்.

நூல் ஒரு நேரம் பஞ்சாகும், ஒரு நேரம் அறுந்துபோகும். லட்சுமம்மாவுக்குப் போதும் என்பதற்கு எப்போதும் கன்னடம்தான் வரும். “சாக்கு, சாக்கு, நனகே சாக்காயித்து” என்று கூட்டுக் கூடையைத் தூக்கி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பெங்களூரிலிருந்து சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. இன்னொரு தடவை திரும்பினால் பாய்லரை விற்றுவிட்டுப் பழையபடி மண்பானை அடுப்புக்கே போய்விடுவேன் என்று முதலாளி சொன்னார். பாய்லர் இல்லாத மில்லில் பாய்லர்காரனுக்கு என்ன வேலை? கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்த உன் சித்தப்பா மகன் உன்னை வரச்சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தான். காவேரி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள்.

கண்டுபிடித்தது அவள்தான். அன்றைக்குக் களியும் கீரையும் கொண்டுவந்தவள், இரண்டு பக்கமும் தெரிகிற வாசற்படியில் நின்றுவிட்டாள். நான் தண்ணீர்க் குழாயைத் திறப்பதைப் பார்த்தாள். நான் நகர்ந்ததும் நீ வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஆவியைத் திறப்பதைப் பார்த்தாள். மறுபடி நான், மறுபடி நீ. சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பிரசவ வலியோ என்று லட்சுமம்மா பதறி ஓடிவந்தாள்.

“அண்ணா, நீங்க தண்ணியத் தொறக்கறீங்க. அவரு ஆவியத் தொறக்கறாரு. ரெண்டு பேருல ஒருத்தரு வாயத் தொறந்தா என்ன?” என்றாள் காவேரி.

அந்த இடத்திலேயே நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி, மில் தொலைந்தது என்றே நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் அப்பா போட்ட கட்டளை இருக்கிறதே. ‘டேய்’ என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் நீ அந்தக் கயிற்றைக் கட்டினாய். ஜன்னல் சட்டத்தில் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு, உன் பக்கத்து முனையில் ஓர் உடைந்த நூல் உருளை. உருளை நடுவில் நின்றால் வால்வு இருந்தபடி இருக்கட்டும். நான் கயிற்றை இழுத்து உருளையைத் தூக்கினால் சூடு அதிகம், ஆவியைக் குறை. கயிற்றை விட்டு உருளையை இறக்கினால் சூடு போதாது, ஆவியைக் கூட்டு. பாதரசம் சிவப்பு நூலைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு இழுப்பேன். கொஞ்சம் விலகியிருந்தால் விரற்கடை, நிறைய விலகியிருந்தால் ஒரு சாண். நீயும் அதே கணக்கில் வால்வைத் திருப்புவாய். மாப்பிள்ளையை யாரும் ஏவவில்லை, உருளைதான் ஏவியது. அப்பாவே வந்து பார்த்துவிட்டு, இது பரவாயில்லை என்றார்.

அதிலும் முதல் இரண்டு நாள் தடுமாறினோம். நீ வால்வைத் திருப்பினால் உடனே பாதரசம் ஏறுமா? ஆவி குழாயில் வரவேண்டும், அத்தனை தண்ணீரும் காய வேண்டும். அதற்குள் எனக்குப் பொறுக்காது. இன்னும் ஏறவில்லையே என்று உருளையை மேலும் இறக்குவேன், நீ மேலும் திறப்பாய், பிறகு எல்லாம் சேர்ந்து வந்து பொங்கும். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் இரண்டு பேரும் எதையும் தொடக்கூடாது என்று நீதான் சட்டம் போட்டாய். அதற்கப்புறம் தண்ணீர் சிவப்பு நூலில் படிய ஆரம்பித்தது. நம் இரண்டு பேர் பல்லும் சிவப்பாகப் போனதுதான் மிச்சம்.

லட்சுமம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். பச்சைக் கூடு நிறையக் கொட்டினால் தண்ணீர் சட்டென்று ஆறும். ஆறின பிறகு ஓடுவதைவிட, கொட்டுவதற்கு முன்னாலேயே “கூடு வருது” என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுப்பாள். நீ முன்கூட்டியே ஆவியைக் கொஞ்சம் கூட்டிவைப்பாய். அடுத்த சரக்கு பெங்களூர் போனது, திரும்பவில்லை. நீ கோலாருக்குப் போகவில்லை. செல்லம்மா இங்கேயே பிறந்தாள்.

மாதையா, இதையெல்லாம் நான் பெங்களூரிலிருந்து கருவியைப் பொருத்த வந்த இன்ஜினீயரிடம் சொன்னேன். நல்ல மனிதர். பாதி கன்னடம், பாதி தமிழ். தரையில் உட்கார்ந்து கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டார். பார்ப்பது, எங்கே இருக்கவேண்டுமோ அதோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்குத் தக்கபடி திருப்புவது, திருப்பியதால் என்ன ஆனது என்று மறுபடி பார்ப்பது. வட்டம் எந்த இடத்தில் அறுந்தாலும் வேலை கெட்டது என்றார். பார்த்த சேதி கைக்குத் திரும்பி வருகிறதே, அதற்கு இங்கிலீஷில் ‘ஃபீட்பேக்’ என்று பேராம். நம் மில்லில் அதை அறுத்தது உன் கல்யாணம் என்று நான் சொன்னதும் மனிதர் கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடி, சூடு ஏறி இறங்கி ஆடுகிறதே, அதற்கும் ஒரு பேர் இருக்கிறது, ‘ஹண்டிங்’. அப்படியென்றால் வேட்டை. நாமும் எத்தனை மாதம் தொட்டிக்குள் வேட்டையாடியிருக்கிறோம் பார்! உடனே உன்னிடம் சொல்லவேண்டும் என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிவிட்டேன். அந்தப் பக்கம் விறகுதான் இருந்தது. நீ இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, மாப்ளே. அதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

புதுக் கருவியும் நம்மைப் போலத்தான். செம்புக் குமிழ் தொட்டிக்குள் இருக்கிறது. சூடேறினால் அதற்குள் இருக்கிற திரவம் விரிந்து, எலிவால் வழியாக வந்து வால்வை மூடுகிறது. ஆறினால் சுருங்குகிறது, சுருள்வில் வால்வைத் திறக்கிறது. கண்ணும் வாயும் கையும் ஒன்றாகவே பிறந்த பிள்ளை. ஆனால் முதல் நாள் அதுவும் வேட்டைக்குக் கிளம்பிவிட்டது. துளி சூடு ஏறினால் பட்டென்று முழுக்க மூடும், துளி இறங்கினால் முழுக்கத் திறக்கும். இன்ஜினீயர் பதறவில்லை. இதற்கு அவசரப் புத்தி அதிகம் என்று சொல்லி ஒரு திருகை மெல்லத் தளர்த்தினார். தளர்த்தத் தளர்த்த அது நிதானத்துக்கு வந்தது. ரொம்பவும் தளர்த்தினால் சோம்பேறியாகி, சிவப்பு நூலைத் தொடாமலே நின்றுவிடும் என்று ஓர் இடத்தில் நிறுத்தினார். உன் வெற்றிலைச் சட்டத்தைச் சொன்னேன். அந்த ஆளைப் பார்க்காமல் போனேனே என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் என் வீட்டில் கேழ்வரகு விஷயம் வெடித்தது.

நீ போனதிலிருந்து காவேரிக்கு எதுவும் குறையக்கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். அவள் வீட்டுக் குதிரில் கேழ்வரகு இறங்குகிறதா என்று போகும்போதெல்லாம் கண்ணை ஓட்டுவேன். இறங்கியிருந்தால் அவளிடம் ஒன்றும் கேட்காமல் அரை மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பதினைந்து நாளில் மறுபடி இறங்கியிருக்கும். அவளும் நாலு வயதுப் பிள்ளையும் இப்படிச் சாப்பிட முடியுமா என்று எனக்கு ஒரே கவலை. பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி இருக்குமோ என்று வைத்தியரிடம் கூடக் கேட்டேன்.

அன்று களி தின்றுகொண்டே இதை என் மனைவி முருகம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இந்தக் களியே அவ குடுத்தனுப்புன மாவுதானுங்க. வூட்டுல மிஞ்சிக் கெடக்குதுன்னு மாசத்துக்கு ரெண்டு தரம் அரைச்சுக் குடுக்கறா. பாவம், நெறைய வெளையுதாட்டம் இருக்குதுன்னு நானும் வாங்கி வெச்சுக்கிட்டன்” என்றாள்.

கையிலிருந்த களி உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. ஒரு வருஷமாக என் கேழ்வரகு என் தங்கை வீட்டுக்குப் போய், மாவாகி, என் தட்டுக்கே வந்துகொண்டிருக்கிறது! நான் திறக்கிறேன், அவள் திறக்கிறாள். நடுவில் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை இல்லை. காலையில் இன்ஜினீயர் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தவன், இப்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் காவேரி வீட்டுக்குப் போனேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். மாவு விஷயத்தைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அண்ணன் குடுக்கறத வேணாம்னா மரியாதையாங்ண்ணா? அதான் அண்ணிகிட்டக் குடுத்தன்” என்றாள். மரியாதை. மறுபடி அதே மரியாதை. இது நம் குடும்பத்தைப் பிடித்த வியாதி போலிருக்கிறது.

“அப்ப உனக்கு என்னதான் வேணும் காவேரி?” என்று கேட்டேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் வாய் திறக்கும்வரை நான் பொறுத்தேன்.

“இதத்தாண்ணா ஒரு வருசமா யாரும் கேக்கல” என்றாள். “அவரு போனதுக்கு எல்லாரும் வந்தாங்க, எல்லாமும் குடுத்தாங்க. எனக்கு மில்லுல அந்த வேல வேணும். கண்ணாலத்துக்கு முன்ன நூல் உருவுனவதான நானு. கையில நூலு பட்டாலே தண்ணி எப்பிடி இருக்குதுன்னு சொல்லுவன். ஊரு பேசும்னு பாக்கறீங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம், பார்த்தேன் என்றேன். புருஷனைப் பறிகொடுத்த தங்கையை அண்ணன் மில்லுக்கு அனுப்பிவிட்டான் என்று நாலு பேர் சொல்வார்களே என்றுதான் இத்தனை நாள் ஊமையாக இருந்தேன். அவள் கோபப்படவில்லை. “நாலு பேரு கேவுரு அரைச்சுக் குடுக்க மாட்டாங்கண்ணா” என்று சொல்லிவிட்டுக் கோலம் போட உட்கார்ந்துவிட்டாள். மாதையா, இந்த வாயாடியோடு நீ எப்படிக் குடும்பம் நடத்தினாய்?

திங்கட்கிழமை முதலாளியிடம் போனேன். “ஏனப்பா, தங்கச்சிக்கு நீ சம்மதம் சொல்றியா?” என்று கேட்டார்.

“என்னக் கேக்காதீங்க முதலாளி. வேல செய்யப்போறது அவ. அவளயே கேளுங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு வழக்கம் இந்த மில்லில் இல்லையே என்று தலையைச் சொறிந்தார். பிறகு ஆளனுப்பி அவளையே வரவழைத்தார். அவள் இரண்டு விஷயம் கேட்டாள். பிள்ளை கொட்டகை நிழலில் விளையாட இடம் வேண்டும். தொட்டி விஷயத்தில் தான் சொல்வதை எல்லோரும் கேட்கவேண்டும், அண்ணனும்தான். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி என்றார்.

இதில் ஒன்று உனக்குத் தெரியாதே. நீ போனபிறகு பாய்லர் பக்கம் நின்று விறகு போடுகிறவன் நான்தான். கருவி வந்துவிட்டதே, இனி எதற்கு ஆள் என்று சிலர் கேட்டார்கள். இன்ஜினீயர் போகும்போதே சொல்லிவிட்டுப் போனார். வால்வு முழுக்கத் திறந்த பிறகும் பாய்லரில் ஆவி இல்லாவிட்டால் கருவி என்ன செய்யும்? வானம் பார்த்து நிற்கும். விறகு ஈரமா, கூடு பச்சையா, நூல் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அந்தக் குமிழுக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஆள் வேண்டும், பார்த்ததைச் சொல்லவும் வேண்டும்.

காவேரி வேலைக்கு வந்த மூன்றாம் நாள் அது நடந்தது. வத்தல்மலையிலிருந்து வந்த விறகு மழையில் நனைந்திருந்தது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வால்வு முழுக்கத் திறந்தே இருக்கிறது, பாதரசம் சிவப்பு நூலுக்குக் கீழே இறங்குகிறது. காவேரி தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நூலைத் தொட்டுப் பார்த்தாள். நூல் சுற்றும் ராட்டைகளை நிறுத்தச் சொன்னாள். ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

எனக்குப் புரிந்தது. அண்ணன். வீட்டுக்கு மூத்தவன். அத்தனை பேர் முன்னால் எப்படி ஏவுவாள்? நானே கட்டையை மாற்றிப் போட்டிருக்கலாம். அவளைக் காப்பாற்றுகிற மாதிரியும் ஆகியிருக்கும். கை பரபரத்தது. ஆனால் அன்றைக்கு நானாகப் போட்டுவிட்டால் நாளைக்கும் அவள் சொல்லமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். லட்சுமம்மா கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள், அதிசயம்தான்.

காவேரி ஜன்னலுக்கு வந்தாள். கண்ணை நேராகப் பார்த்தாள்.

“சின்னப்பண்ணா, தண்ணி ஆறுது. ஈரக் கட்டைய எடுத்துட்டு நல்ல கட்டையாப் போடுங்க. இப்பவே.”

போட்டேன். அண்ணன் என்ற உறவு எங்கேயும் போய்விடவில்லை, பத்திரமாகவே இருக்கிறது. அடுப்பு பிடித்துக்கொண்டது, பாதரசம் ஏறியது, ராட்டைகள் ஓடின. அவள் குரல் மில் முழுக்கக் கேட்டது, மாதையா. நீ போனதிலிருந்து அந்தக் குரலை நாங்கள் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. புகையில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு நான் வெளியே போய் நின்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். காவேரி சொன்னால் செய்வேன். சொல்லாவிட்டால் போய்க் கேட்பேன். கேட்ட பிறகு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுப்பேன். செல்லம்மா வளர்ந்தாலும் அவளிடமும் இதே கணக்குத்தான். அவர்களைக் கேட்காமல் அவர்களுக்கு நல்லது செய்யமாட்டேன்.

உன் கூட்டாளி, உன் மச்சான்,
தங்கை சொல் கேட்கிற அண்ணன்,
சின்னப்பன்